பன்னிரண்டு வருஷம் கழிச்சு வாங்க

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன்: இது யாரையும் குடிக்கச் சொல்ற பதிவு இல்லை. ஒரு பாட்டில் வாங்கப் போய், அது கிடைக்காம, ஏன் கிடைக்கலைன்னு நோண்ட ஆரம்பிச்சு, மூணு வாரம் தூக்கம் கெட்டதோட விளைவு. அவ்வளவுதான்.

டோக்கியோல வேலை முடிஞ்சு ஊருக்குக் கிளம்பறப்ப நண்பன் ஒருத்தன் "யாமஸாகி பன்னிரண்டு ஒண்ணு வாங்கிட்டு வாடா"ன்னு சொல்லியிருந்தான். ஏர்போர்ட் கடையில கேட்டேன். கடைக்காரம்மா இடுப்பு வரைக்கும் குனிஞ்சு மன்னிப்பு கேட்டாங்க. இல்லையாம். வயசு எழுதாத பாட்டில்தான் இருக்காம். இதென்ன இப்படின்னு விசாரிச்சா, விஷயம் ரொம்ப எளிமை. லேபிள்ல பன்னிரண்டுன்னு போடணும்னா உள்ள இருக்கிற ஒவ்வொரு சொட்டும் குறைஞ்சது பன்னிரண்டு வருஷம் மரப் பீப்பாய்ல கிடந்திருக்கணும். டிமாண்ட் எகிறிடுச்சேன்னு நைட் ஷிஃப்ட் போட்டு ஓட்டற சரக்கு இல்லை இது. இன்னிக்கு ஒருத்தன் குடிக்கிறதை என்னிக்கோ ஒருத்தன் தீர்மானிச்சிருக்கணும்.

அப்போ அந்த "என்னிக்கோ ஒருத்தன்" யாரு? அவன் காத்திருந்த காலத்துக்கு யார் சோறு போட்டாங்க? ஜப்பான் விஸ்கியோட வரலாறைப் படிக்கப் படிக்க எனக்கு இந்த ரெண்டாவது கேள்விதான் பெருசாத் தெரிஞ்சுது.

கதை 1918ல ஒரு ஆன்சைட் அசைன்மென்ட்டோட ஆரம்பிக்குது. சத்தியமா.

ஒசாகாவுல செட்சு ஷுஸோன்னு ஒரு சாராயக் கம்பெனி. அந்தக் காலத்து ஜப்பான்ல "விஸ்கி"ன்னு வித்ததெல்லாம் வெறும் ஸ்பிரிட்ல கலரும் வாசனையும் கலந்த திரவம். அசல் எப்படிச் செய்யறாங்கன்னு கத்துக்கிட்டு வாடான்னு ஒரு 24 வயசுப் பையனை ஸ்காட்லாந்துக்கு அனுப்பறாங்க. பேரு மசடாகா டகேட்சுரு. ஹிரோஷிமா பக்கம் டகேஹாரான்னு ஒரு ஊர். பரம்பரையா சாக்கே, அதாவது அரிசி மது, காய்ச்சற குடும்பம். அமெரிக்கா வழியா சுத்திக்கிட்டு அந்த டிசம்பர்ல கிளாஸ்கோ போய்ச் சேர்றார். பல்கலைக்கழகத்துல வேதியியல் படிக்கிறார். ஆனா வகுப்புல உட்கார்ந்து விஸ்கி வருமா? நெட்டில்டன்னு ஒருத்தர் சாராயம் வடிக்கிறதைப் பத்தி எழுதின தடிமனான புத்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டு, அவரையே தேடிப் போய் சொல்லித் தரச் சொல்லிக் கேட்டிருக்கார். அவர் சொன்ன ஃபீஸ் கட்டுபடியாகலை. சரின்னு ஒவ்வொரு ஆலையாப் போய்க் கதவைத் தட்டியிருக்கார்.

1919 ஏப்ரல்ல லாங்மார்ன் ஆலைல உள்ளே விட்டாங்க. முழுசா ஒரு வாரம் கூட இல்லை. அப்புறம் போனெஸ்ல தானிய விஸ்கி வடிக்கிற தொடர் வாலை. 1920ல கேம்பல்டவுன்ல ஹேசல்பர்ன் ஆலை, அங்கதான் சில மாசம் நிம்மதியா இருந்து கத்துக்க முடிஞ்சுது. மத்தவங்க தயங்கற வேலையான செம்பு வாலைக்குள்ள இறங்கித் தேய்க்கிறதை இவர் வலியப் போய்ச் செஞ்சாராம், உட்புறம் எப்படி வளைஞ்சிருக்குன்னு பார்க்கத்தான்னு சொல்வாங்க. பார்த்ததையெல்லாம் படம் வரைஞ்சு, அளவு குறிச்சு ரெண்டு நோட்டுப் புத்தகத்துல ஏத்தியிருக்கார். நம்ம பாஷையில சொன்னா கேடி டாக்குமென்ட். நாம எழுதற கேடி டாக்குமென்ட்டை அடுத்து வர்றவன் திறந்து கூடப் பார்க்க மாட்டான், அது வேற விஷயம். இந்த ரெண்டு நோட்டுலதான் ஒரு நாட்டோட தொழிலே நிக்குது. ஒரு ஜப்பான்காரப் பையன் ஒரு பேனாவும் நோட்டும் வெச்சுக்கிட்டு எங்க ரகசியத்தையெல்லாம் கொண்டுபோயிட்டான்னு பிற்காலத்துல பிரிட்டிஷ் அரசியல்வாதி ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொன்னதா ஒரு கதை உண்டு.

ஆன்சைட்ல இன்னொண்ணும் நடந்துச்சு. கிளாஸ்கோ பக்கத்துல கர்கின்டில்லாக்ல ஒரு டாக்டர் குடும்பம், அப்பா இறந்துட்டார். அந்த வீட்டுப் பையனுக்கு ஜூஜுட்சு சொல்லித்தரப் போன இடத்துல, அக்கா ஜெஸ்ஸி ரொபர்ட்டா, வீட்ல கூப்பிடற பேரு ரீட்டா, அவரைப் பிடிச்சுப் போச்சு. 1920 ஜனவரி 8, பதிவுத் திருமணம். ரெண்டு வீட்லயும் சம்மதம் இல்லை. நான் இங்கேயே இருந்துடட்டுமான்னு டகேட்சுரு கேட்டதாகவும், உன் கனவு ஜப்பான்ல விஸ்கி செய்யறது, நான் வர்றேன்னு ரீட்டா சொன்னதாகவும் சொல்றாங்க. அந்த வருஷக் கடைசியில ரெண்டு பேரும் ஜப்பான் வந்து இறங்கறாங்க.

வந்து பார்த்தா ப்ராஜெக்ட் கேன்சல். முதல் உலகப்போருக்கு அப்புறம் வந்த மந்தத்துல கம்பெனி கிட்ட காசு இல்லை. கத்துக்கிட்டு வந்தவர் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். 1922ல ராஜினாமா. ஒசாகாவுல ஒரு பள்ளிக்கூடத்துல வேதியியல் வாத்தியார். ரீட்டா இங்கிலீஷும் பியானோவும் டியூஷன்.

இந்த இடத்துல ரெண்டாவது ஆள் வர்றார். ஷிஞ்சிரோ டோரி. 1879ல ஒசாகாவுல பிறந்து, பதிமூணு வயசுல மருந்து மொத்தக் கடையில எடுபிடியாச் சேர்ந்து, அங்கேயே மூக்கைத் தீட்டிக்கிட்ட மனுஷன். 1907ல அகடாமான்னு ஒரு இனிப்பு போர்ட் ஒயின் கொண்டு வந்து அள்ளு அள்ளுன்னு அள்ளினார். 1922ல அதுக்கு ஒரு பெண் தோள் தெரிய கிளாஸ் பிடிச்சிருக்கிற மாதிரி போஸ்டர் அடிச்சு ஊரையே திரும்பிப் பார்க்க வெச்சவர். அந்த ஒயின் காசை எடுத்து விஸ்கியில போடப் போறேன்னார். கம்பெனில எல்லாரும் எதிர்ப்பு. முதல் பாட்டில் வெளியே வரவே அஞ்சாறு வருஷம் ஆகும், அதுவரைக்கும் செலவு மட்டும்தான், வந்ததுக்கு அப்புறமும் யார் வாங்குவாங்கன்னு தெரியாது. எந்த ஃபைனான்ஸ் ஆளும் கையெழுத்துப் போட மாட்டான்.

ஸ்காட்லாந்துல இருந்து நிபுணர் ஒருத்தரை வரவழைக்க விசாரிச்சப்ப, உங்க ஊர்லயே ஒருத்தர் இருக்காரேன்னு பதில் வந்துச்சாம். டகேட்சுருவைத் தேடிப் பிடிச்சு, வெள்ளைக்காரருக்குக் கொடுக்க வெச்சிருந்த அதே சம்பளத்தை, வருஷத்துக்கு 4000 யென், பத்து வருஷ ஒப்பந்தம்னு 1923ல வேலைக்கு எடுத்தார்.

முதல் நாள்லேர்ந்தே ரெண்டு பேருக்கும் இழுபறிதான். டகேட்சுருவுக்கு ஸ்காட்லாந்து மாதிரியே குளிர், சதுப்பு நிலம் வேணும். வடக்கே ஹொக்கைடோ தீவுக்குப் போவோம்னார். டோரிக்கு ஒசாகா பக்கத்துலயே இருக்கணும், ஜனங்க வந்து ஆலையைப் பார்க்கணும். டோரி ஜெயிச்சார். கியோட்டோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவுல யாமஸாகி. மூணு ஆறு கலக்கிற இடம், எப்பவும் ஈரப்பதம், பனிமூட்டம். தேநீர்ச் சடங்கின் பெரிய ஆசான் சென் நோ ரிக்யூ தேநீர்க் குடில் கட்டின ஊர், தண்ணிக்கு அவ்வளவு பேர். 1924 நவம்பர்ல வாலை பத்தவெச்சாங்க. வண்டி வண்டியா பார்லி உள்ளே போகுது, வருஷக்கணக்கா வெளியே ஒண்ணும் வரலை. உள்ளே "உஸ்கே"ன்னு ஒரு பூதம் இருக்கு, அதுதான் பார்லி தின்னுதுன்னு ஊர்க்காரங்க பேசிக்கிட்டாங்களாம். கம்பெனிக்காரங்களே பெருமையாச் சொல்ற கதை. பூதம் இருந்தது நிஜம்தான், பேருதான் வட்டி.

1929ல முதல் பாட்டில், ஷிரோஃபுடா. சன்டோரிங்கிற பேரு அப்பதான் வந்தது: அகடாமான்னா சிவப்பு உருண்டை, அதாவது சூரியன், அந்த "சன்"னோட தன் பேரு டோரியையும் ஒட்டிக்கிட்டார். விலை 4 யென் 50 சென். ஜானி வாக்கர் ரெட் 5 யென்னுக்குக் கிடைச்ச காலம்.

படுதோல்வி. ஜனங்க வாயில வெச்சுட்டு, கருகின நாத்தம் அடிக்குதுன்னுட்டாங்க.

அந்த நாத்தம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு புரிய கொஞ்சம் சமையல் சொல்லணும். பார்லியை நனைச்சு முளைகட்ட விடுவாங்க, நம்ம வீட்ல சத்துமாவுக்குக் கேழ்வரகை முளைகட்டற மாதிரியேதான். முளைவிடும்போது உள்ள இருக்கிற மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கற நொதி தயாராகும். சரியான நேரத்துல சூடு காட்டி முளையை நிறுத்திடணும். ஸ்காட்லாந்துல பல இடங்கள்ல அந்தச் சூட்டுக்குப் பீட் கட்டியை எரிப்பாங்க. சதுப்புல ஆயிரக்கணக்கான வருஷம் மக்கிக் கிடந்த செடிகொடி அது, வெட்டிக் காயவெச்சா விறகு. அந்தப் புகை தானியத்துல ஏறி, கடைசி வரைக்கும் கூடவே வரும். அப்புறம் அரைச்சு, வெந்நீர் விட்டு இனிப்புச் சாறு எடுத்து, ஈஸ்ட் போட்டு ஊறல். ஊறலைச் செம்பு வாலையில ரெண்டு தடவை வடிக்கணும். முதல்ல வர்றதும் கடைசியில வர்றதும் ஆகாது, நடுவுல வர்ற பகுதியை மட்டும் வெட்டி எடுக்கணும், அதை எங்க வெட்டறதுங்கறதுதான் கைப்பழக்கம். வடிச்சு வர்றது தண்ணி மாதிரி நிறமே இல்லாம இருக்கும். நிறமும் மணமும் பெரும்பங்கு சுவையும் பீப்பாய் மரம் கொடுக்கிறது. வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாப் போகும், அதுக்குத் தேவதைகளோட பங்குன்னு செல்லப்பேரு.

டகேட்சுரு நோட்டுல இருந்ததை அட்சரம் பிசகாமச் செஞ்சார். புகையோட. மீனும் அரிசியும் மெல்லிய மணமும் பழகின நாக்குக்கு அது ஒத்துக்கலை. சாப்பாட்டோட சேர்ந்து போற, மென்மையான ஒண்ணு வேணும்னார் டோரி. அது விஸ்கியே இல்லைன்னார் டகேட்சுரு. அவரை யோகோஹாமா பீர் ஆலைக்கு மாத்தினாங்க. 1934ல ஒப்பந்தம் முடிஞ்சு வெளியேறிட்டார்.

டகேட்சுருவை ஹீரோவாகவும் டோரியை வியாபாரியாகவும் நிறைய பேர் எழுதறாங்க. எனக்கு அது நியாயமாப் படலை. ஷிரோஃபுடா ஊத்தி மூடினதும் டோரி நிறுத்தியிருக்கலாம், ஒயின் நல்லா ஓடிக்கிட்டிருந்தது. 1931ல காசில்லாம வாலையே பத்தவைக்கலை. நல்லா வித்துக்கிட்டிருந்த பல்பொடி பிராண்டை 1932ல வித்தார், பீர் தொழிலை வித்தார். பீப்பாய்களை மட்டும் விக்கலை. 1937ல ககுபின் வருது, ஆமை ஓடு மாதிரி வெட்டு வெட்டான சதுர பாட்டில். பன்னிரண்டு வருஷ விஸ்கின்னு போட்டாங்க. இந்த முறை ஜனங்க கொண்டாடினாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, அந்தப் பழைய பீப்பாய்கள்ல இருந்தது யார் வடிச்சது? யாமஸாகியில முதல் நாளிலிருந்து நின்னு டகேட்சுரு வடிச்சது. நாத்தம்னு ஜனங்க துப்பின அதே கையோட சரக்கு பன்னிரண்டு வருஷம் மரத்துக்குள்ள கிடந்து, டோரியோட மூக்கு அதைக் கலக்கினப்புறம் வேறயாயிடுச்சு. அப்போ இவர் அங்க இல்லை.

எங்க இருந்தார்? தான் முதல்லயே கேட்ட ஹொக்கைடோவுல. யோயிச்சின்னு கடலோர ஊர். ரீட்டா டியூஷன் எடுத்த பணக்கார வீட்டு ஆட்கள் முதலீடு போட்டாங்க. கம்பெனி பேரு மகா ஜப்பான் பழச்சாறு கம்பெனி. சிரிக்காதீங்க, விஸ்கி பழுக்கிற வரைக்கும் ஆப்பிள் ஜூஸ் வித்துப் பிழைக்கணும்னு திட்டம். அதுலயும் இந்த மனுஷன் கலப்படம் இல்லாத சுத்த ஜூஸ்தான்னு அடம் பிடிச்சு, அது கலங்கலா இருக்குன்னு கடைகள் திருப்பி அனுப்பி, நஷ்டம். 1936ல ஒரே ஒரு வாலை வாங்கி, முதல் வடிப்பும் ரெண்டாவது வடிப்பும் அதுலயே ஓட்டினார். 1940ல முதல் விஸ்கி. பழச்சாறு கம்பெனியோட ஜப்பானியச் சுருக்கம் நிக்கா, அதுவே பிராண்ட்.

யோயிச்சியில இன்னிக்கும் வாலைக்கு அடியில நிலக்கரி நேரடியா எரியுது. ஸ்காட்லாந்துலயே நிலக்கரியை விட்டுட்டு நீராவிக்கு மாறிட்டாங்க. இங்க ஒரு ஆள் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை கரி அள்ளிப் போட்டு, தணல் பார்த்துக்கிட்டே நிக்கிறார். அடி லேசாப் பிடிக்கிற அந்தச் சூடுதான் யோயிச்சி சுவைங்கறாங்க. வாலையோட கழுத்துல ஷிண்டோ கோயில்ல கட்டற மாதிரி வைக்கோல் பிரி கட்டியிருக்கும். ஸ்காட்லாந்து நோட்டுல இது கிடையாது, சாக்கே காய்ச்சற வீட்டு வழக்கம். எல்லாத்தையும் அப்படியே காப்பியடிச்ச மனுஷன் அப்பா வீட்டு வழக்கத்தை மட்டும் கழுத்துல கட்டி விட்டிருக்கார்.

போர் வந்தது. கடற்படை விஸ்கியை எடுத்துக்கிச்சு, அதனால பார்லி தடையில்லாம வந்துச்சு, ஆலை பிழைச்சது. அதே ஆலை வீட்ல இருந்த ரீட்டாவை எதிரி நாட்டுக்காரின்னு போலீஸ் பின்னாலேயே சுத்திச்சு. ஜப்பான் குடியுரிமை வாங்கினவங்க, ஜப்பானியச் சமையல் பழகினவங்க, வந்து இருபது வருஷம் ஆனவங்க. இந்த வரலாற்றுல காத்திருப்புக்கு ரொக்கமா இல்லாம வாழ்க்கையாக் கொடுத்தது ரீட்டாதான்னு எனக்குத் தோணுது. 1961 ஜனவரில இறந்தாங்க. டகேட்சுரு வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடந்தாராம். அப்புறம் வளர்ப்பு மகனோட உட்கார்ந்து ஒரு கலவை செஞ்சார், 1962ல வந்த சூப்பர் நிக்கா. அவர் 1979ல போனார். யோயிச்சியில ஆலையைப் பார்த்த மாதிரி ஒரு மேட்டுல ரெண்டு பேரும் ஒண்ணா இருக்காங்க.

போருக்கு அப்புறம் நடந்த ஒண்ணையும் சொல்லிடணும், இல்லைன்னா புனித வரலாறா ஆயிடும். அப்போ சட்டப்படி மூணாந்தர விஸ்கியில அசல் விஸ்கி 5 சதவீதத்துக்குள்ள இருந்தாப் போதும், பூஜ்ஜியமா இருந்தாலும் சரி. ஜனங்க கிட்ட காசில்லை, அதைத்தான் குடிச்சாங்க. மாட்டவே மாட்டேன்னு நின்ன டகேட்சுருவும் கம்பெனி மூழ்கற நிலைமை வந்ததும் 1950ல இறங்கி வந்தார், ஆனா அனுமதிச்ச அதிகபட்ச அளவு அசலைப் போட்டார். சுயமரியாதை சதவீதக் கணக்குல.

இதே காலத்துல வந்த இன்னொரு தற்செயல் மிசுனாரா. வெளிநாட்டு ஓக் பீப்பாய் வர்றது போரினால நின்னு போக, உள்ளூர் ஓக்கை எடுத்தாங்க. தச்சர்கள் திட்டித் தீர்த்த மரம். நேரா வளராது, முடிச்சு, பேர்லயே "மிசு", தண்ணி, கசியும். பீப்பாய்க்கு ஆகற அளவு பருக்க இருநூறு வருஷம் வரைக்கும் ஆகும். ஊத்தின புதுசுல பச்சை மர வாடை தூக்கலா இருந்துச்சாம். ஓரமாப் போட்டு வெச்சு பல வருஷம் கழிச்சுத் திறந்தா கோயில் ஊதுபத்தி மணம், சந்தனம், அகில். ஜப்பான்ல அகிலுக்கு ஊதுபத்தி மரபுல பெரிய இடம். (கொசுறு: இங்கிலீஷ்ல ஈகிள்வுட்னு இதுக்கு ஒரு பேரு. கழுகுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. நம்ம "அகில்" போர்த்துக்கீசியர் வாயில நுழைஞ்சு அங்க கழுகாயிடுச்சு.) எந்த நோட்டுலயும் இல்லாத சுவை, வேற வழியில்லாம வந்தது.

வேற வழியில்லாம வந்த இன்னொரு பழக்கமும் உண்டு. ஸ்காட்லாந்துல ஆலைகள் தங்களுக்குள்ள சரக்கு மாத்திக்கும், கலவைக்கு நூறு ஆலைச் சரக்கு கிடைக்கும். இங்க ரெண்டு பெரிய கம்பெனி, ஒப்பந்தம் முடிஞ்சு பிரிஞ்ச ரெண்டு பேரோடது. மாத்திக்கிறதாவது! அதனால யாமஸாகியில ஒரே கூரைக்குக் கீழே விதவிதமான வடிவத்துல வாலைகள், வேற வேற ஈஸ்ட், வேற வேற பீப்பாய்னு ஒரு ஆலையையே பல ஆலையா ஆக்கிக்கிட்டாங்க. நேர்த்திங்கறாங்க. பாதி நேர்த்தி, பாதி பேச்சுவார்த்தை இல்லாதது.

சரி, நண்பன் கேட்ட பாட்டிலுக்கு வருவோம். 1980 வாக்குல சன்டோரி ஓல்ட் மட்டும் வருஷத்துக்கு ஒரு கோடிப் பெட்டிக்கு மேல வித்துச்சு. ஜப்பான்ல விஸ்கி உச்சம் 1983. அப்புறம் சரிவு, நிக்காத சரிவு, கால் நூற்றாண்டு. இளைஞர்களுக்கு அது அப்பா குடிக்கிற சமாசாரம். 2008 வாக்குல விற்பனை உச்சத்துல ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துடுச்சு. விக்காத சரக்கை எவன் வடிப்பான்? உற்பத்தியைக் குறைச்சாங்க, சில ஆலைகளை மூடினாங்க.

அதுல ஒண்ணு ஹன்யூ. அகுட்டோ குடும்பம், 1625லேர்ந்து சாக்கே காய்ச்சறவங்க. 2000த்தோட விஸ்கி வடிக்கிறதை நிறுத்தினாங்க. 2004ல கம்பெனி கை மாறுது. வாங்கினவங்களுக்கு விஸ்கி வேண்டாம், இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கிற பீப்பாய்களை ஒழிச்சுக் கட்டணும். பேரன் இச்சிரோ அகுட்டோ அந்த நானூறு பீப்பாயை வெச்சுக்க இடம் கேட்டு அலைஞ்சார். கடைசியில ஃபுகுஷிமா பக்கம் ஒரு சாக்கே ஆலைக்காரங்க கிடங்கு கொடுத்தாங்க. அதுலேர்ந்து சீட்டுக்கட்டு படம் போட்டு 54 விதமா பாட்டில் அடிச்சார். முழு செட் ஒண்ணு 2019ல ஹாங்காங் ஏலத்துல 70 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல போச்சு. கொட்ட இருந்த சரக்கு.

இதுக்கு நடுவுல உலகம் முழிச்சுக்கிச்சு. 2001ல யோயிச்சி பத்து வருஷப் பீப்பாய் ஒண்ணு ஒரு பிரிட்டிஷ் விஸ்கிப் பத்திரிகையோட ருசிப் போட்டியில முதல். 2003ல லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன் படத்துல பில் முர்ரே ஹிபிக்கி கிளாஸோட. 2014ல யாமஸாகி ஷெர்ரி பீப்பாய் 2013ஐ உலகத்துல சிறந்ததுன்னு ஜிம் முர்ரே தன் கையேட்டுல எழுதினார். அதே வருஷம் டகேட்சுரு - ரீட்டா கதையை வெச்சு தினமும் காலையில டிவி சீரியல், மாஸ்ஸன். நாடே அழுதுகிட்டே பாட்டில் வாங்கிச்சு. ஆனா அந்தப் பாட்டில்ல இருக்க வேண்டியது தொண்ணூறுகள்லயும் ரெண்டாயிரத்து ஆரம்பத்துலயும் வடிச்சிருக்க வேண்டியது. அப்பதான் யாரும் வடிக்கலையே! 2015ல நிக்கா வயசு போட்ட யோயிச்சி வகைகளையே நிறுத்திடுச்சு. 2018ல ஹக்குஷு 12, ஹிபிக்கி 17 நிறுத்தம். சிலது பின்னால கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வந்துச்சு, வந்த வேகத்துல தீர்ந்தும் போச்சு.

பஞ்சம்னா போலி வரும். வெளிநாட்டு விஸ்கியைப் பீப்பாயோட இறக்குமதி பண்ணி, ஜப்பானிய எழுத்துல லேபிள் ஒட்டி வித்தாங்க, சட்டத்துல தடையே இல்லை. தயாரிப்பாளர் சங்கமே 2021ல விதி போட்டுச்சு: ஊறல், வடிப்பு எல்லாம் ஜப்பான்லயே, தண்ணி ஜப்பான் தண்ணி, 700 லிட்டருக்கு மிகாத மரப் பீப்பாய்ல குறைஞ்சது மூணு வருஷம் அங்கேயே. 2024 மார்ச் வரைக்கும் அவகாசம். இதுவும் சங்க விதிதான், அரசாங்கச் சட்டம் இல்லை. ஒயின் காசுல பூதத்துக்குப் பார்லி போட்ட ஊர்ல, காத்திருக்காமலேயே பேரை மட்டும் வித்தவங்களும் இருந்திருக்காங்க.

அந்த அகுட்டோ 2008ல சிச்சிபுவுல சின்னதா ஒரு ஆலை ஆரம்பிச்சார், சந்தை அடிமட்டத்துல இருந்த வருஷம். ஊறல் தொட்டிகளையே மிசுனாராவுல செஞ்சிருக்கார். அவர் அன்னிக்கு வடிச்சது இப்பதான் பெரியவனாகுது.

நண்பனுக்குக் கடைசியில வயசு எழுதாத பாட்டில்தான் வாங்கிட்டு வந்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு "பன்னிரண்டு எங்கடா?"ன்னான். இந்தப் பதிவோட சுட்டியை அனுப்பியிருக்கேன். இன்னும் பதில் வரலை.